தாய் ஊருக்குப் போயிருக்கு

போடிநாயக்கனூர்
14 ஜூன் 2025

ஷீலாவுக்கு,

நீ சொன்னபடி போன் பண்ணவில்லை. எழுதுகிறேன். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது நமக்கு நிச்சயமாகிக் கல்யாணம் ஆவதற்கு முன். அதையும் உன் அண்ணன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுத்தார். இதை மொக்கச்சாமி ஜீப்பில் அனுப்புகிறேன். காலையில் எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும்போது உன் பள்ளிக்கூட வாசலில் கொடுத்துவிடுவான். "வாட்சப்புல போட்டா நிமிசத்துல போயிருமேண்ணே" என்றான். டீச்சர் உத்தரவு என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

நீயும் அருணாவும் மேலே போய் இரண்டு வாரம் ஆகிறது. கடை எப்போதும்போல ஓடுகிறது. ஏலக்காய் வரத்து இன்னும் ஆரம்பிக்கவில்லை. வீட்டில் மூன்று பேருக்கு வைக்கும் அரிசிதான் இன்னும் என் கைக்கு வருகிறது. மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி மறுநாள் காலையில் சாப்பிடுகிறேன்.

விஷயம் இதுதான். நவம்பரில் அருணாவுக்குப் பத்து வயது. மறுபடியும் ஒரு பூடில் குட்டி வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். வேறு நாய் சரிப்படாது. அவளுக்கு இழுப்பு இருக்கிறது, பூடிலுக்கு அவ்வளவாக முடி கொட்டாது என்று டாக்டர் சொன்னதை நீயும் கேட்டாய். இந்தத் தடவை நல்ல இடமாகப் பார்த்து எடுப்பேன். தேனியில் ஒருவர் போட்டோ அனுப்பியிருக்கிறார். குட்டி அவ்வளவு லட்சணம்.

குட்டி வீட்டுக்கு வந்தால் நீங்களும் வரலாம் அல்லவா.

பிரேம்சிங்


எஸ்டேட் பள்ளிக் குடியிருப்பு
22 ஜூன் 2025

அருணா அப்பாவுக்கு,

ஏன் போன் வேண்டாம் என்றேன் தெரியுமா? நீங்கள் பேசினால் நான் நம்பிவிடுகிறேன். பதினொரு வருஷமாக அப்படித்தான். எழுதினால் திரும்ப எடுத்துப் படித்துப் பார்க்கலாம்.

மறுபடியும் போட்டோவா? போன டிசம்பரில் போட்டோவைப் பார்த்துத்தான் வாங்கினீர்கள். ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் ஆம்னி பஸ்சில் வந்து இறங்கியது. தொங்கும் காதைப் பார்த்து அருணா ஜிமிக்கி என்று பெயர் வைத்தாள். முதல் தடவை குளிப்பாட்டியபோது தண்ணீர் காப்பி நிறத்தில் ஓடியது. "அப்பா, இது சாயம்" என்றாள். ஏலக்காயை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பச்சை ஒட்டுகிறதா என்று பார்ப்பதை உங்கள் கடையில் அவள் தவழ்ந்த காலத்திலிருந்து பார்த்திருக்கிறாள். அவளிடம் அழுக்கு என்று சொன்னீர்கள்.

ஐந்தாம் நாள் வாந்தி, பேதி. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தபோது குட்டி இல்லை. மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன் என்றீர்கள். அவளிடம் மட்டுமல்ல, என்னிடமும். அதன் பிறகு பதினொரு நாள் அருணா குடும்ப ஜெபத்தில், "ஆண்டவரே, ஜிமிக்கிக்குச் சுகம் கொடும்" என்றாள். நீங்கள் ஆமென் சொன்னீர்கள்.

நானே மதுரைக்குப் போன் பண்ணி விசாரித்த பிறகுதான் செத்துப்போனதை ஒப்புக்கொண்டீர்கள். அதற்குள் அவளிடம், டாக்டர் வீட்டிலேயே வளர்கிறது, அவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது என்று முடித்துவைத்திருந்தீர்கள். அதை நான் திருத்தவில்லை. சொன்னவர்தான் திருத்த வேண்டும். ஆறு மாதமாகக் காத்திருக்கிறேன். நாயால் நான் வீட்டைவிட்டு வரவில்லை என்பது இப்போதாவது புரிகிறதா?

குட்டி வாங்குவது உங்கள் இஷ்டம். வாங்குவதாக இருந்தால் நேரில் போங்கள், தாயைக் காட்டச் சொல்லுங்கள். முடிவாகும்வரை அருணாவிடம் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

அருணா அம்மா


போடிநாயக்கனூர்
6 ஜூலை 2025

ஷீலாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் ஆமென் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். தேனிக்குப் போன கதையைச் சொல்கிறேன்.

செல்போன் கடைக்கு மேலே மாடி. படி ஏறும்போதே வாடை. நாலு கூண்டு, கூண்டுக்கு ஒரு ஜாதிக் குட்டி. தாயைப் பார்க்கணும் என்றேன்.

"தாய் ஊருக்குப் போயிருக்கு சார்."

"எந்த ஊருக்கு?"

"சொந்தக்காரங்க வீட்ல விட்டிருக்கோம்."

"தகப்பன்?"

"அது ஃபாரின் சார்."

பாஸ்போர்ட் எடுத்தாச்சா என்று கேட்க வாய் வந்தது. ஊசி போட்ட அட்டையை வாங்கிப் பார்த்தேன். டாக்டர் கையெழுத்து இருந்தது, ஆனால் தேதி அடுத்த மாதத்துத் தேதி. கைக்குட்டையை நனைத்துக் குட்டியின் முதுகில் தேய்த்தேன். நிறம் ஒட்டவில்லை. "சாயமெல்லாம் இல்ல சார், நல்ல சரக்கு" என்றார். சரக்கு என்ற சொல்லை ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறவன் நான். அன்றைக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

பஸ்சில் வரும்போது யோசித்தேன். ஏலத்தில் சாம்பிள் பொட்டலத்தை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து மொத்த மூட்டையையும் எடுக்கிற தொழில் எனக்கு. போட்டோவையும் சாம்பிள் என்று நினைத்துவிட்டேன். சாம்பிள் என்றால் அந்த மூட்டையிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். அந்தப் போட்டோ எந்த நாயுடையதோ.

உன் டியூஷன் பிள்ளைகள் இரண்டு பேர் நேற்று பையோடு வந்து கேட்டைத் தட்டினார்கள். டீச்சர் எப்போ வருவாங்க என்றார்கள். தெரியாது என்றேன். டியூஷன் போர்டை நான் கழற்றவில்லை. அந்தக் குட்டை மேசைகளில் ஒன்றில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

பிரேம்சிங்


எஸ்டேட் பள்ளிக் குடியிருப்பு
20 ஜூலை 2025

அருணா அப்பாவுக்கு,

மழையில் ஒரு வளைவில் மண் சரிந்து நாலு நாள் ஜீப் ஏறவில்லை. கடிதம் நேற்றுத்தான் வந்தது.

தாய் ஊருக்குப் போயிருக்கு என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். அருணா என்னம்மா என்றாள். ஒன்றுமில்லை என்றேன். பிறகு ஒன்றுமில்லை என்று சொன்னதற்காக எனக்கே என் மேல் கோபம் வந்தது. அது உங்கள் வழக்கமாயிற்றே.

கைக்குட்டையை நனைக்கத் தெரிந்திருக்கிறது. டிசம்பரிலேயே நனைத்திருக்கலாம்.

இங்கே நாலு மணிக்குப் பிள்ளைகள் போய்விட்டால் மனிதக் குரல் கிடையாது. பக்கத்தில் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் ஒரு மலையாளத்து அம்மா, "சுகமாணோ டீச்சரே" என்பார். நான் ம் என்பேன். என் ஒரு நாள் பேச்சு அத்தோடு முடிந்தது. போடியில் ஐம்பது பிள்ளைகளைக் கத்தி அடக்கிய தொண்டை இது. திரும்பி வர வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. எழுத வேறு ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அருணா நோட்டில் ஒரு படம் வரைந்திருக்கிறாள். மதுரையில் டாக்டர் வீடு. மாடி, தோட்டம், தோட்டத்தில் ஊஞ்சல், ஊஞ்சலில் ஜிமிக்கி. நீங்கள் கட்டிக் கொடுத்த வீடுதான் அது. வாரத்துக்கு ஒரு ஜன்னல் கூடுகிறது.

அருணா அம்மா


போடிநாயக்கனூர்
3 ஆகஸ்ட் 2025

ஷீலாவுக்கு,

ஆள் கிடைத்துவிட்டது. இன்றைக்குத்தான் தேவாரம் போய் வந்தேன்.

பெயர் சந்திரவல்லி. கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையடிவாரத்தில் மாந்தோப்புக்குள் வீடு. மூன்றே மூன்று பூடில் வைத்திருக்கிறார். யானை வாழைக்குள் இறங்கினால் மூன்றும் கட்டிலுக்கடியில் போய்விடுமாம். தபால்காரர் வந்தால் மட்டும் வீராப்பாம்.

நான் கேட்பதற்கு முன்னாலேயே தாயைக் கொண்டுவந்து மடியில் விட்டார். மிளகு என்று பேர். கருப்பு, நாலு வயது. சினையாக இருக்கிறது, செப்டம்பர் முதல் வாரம் ஈனும். இதற்கு முன்னால் ஒரே ஒரு ஈற்றுத்தான். "ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா தம்பி. அது உடம்பும் உடம்புதான" என்றார். தாய் தகப்பன் இரண்டுக்கும் கண் பரிசோதனை, முழங்கால் சில்லு பரிசோதனை செய்த காகிதங்களை நான் சொல்லாமலேயே விரித்தார். முதல் ஊசி போட்டு, பத்து வாரம் முடிந்தால்தான் எந்தக் குட்டியும் வாசல் தாண்டும். பஸ்சில் அனுப்புகிற பேச்சே கிடையாது. "வளக்க முடியலைன்னா யாருக்கும் தள்ளிவிடக் கூடாது. எந்த வயசானாலும் எங்கிட்டயே கொண்டாந்திரணும்" என்று எழுதி வாங்குவார்.

பிறகு என்னைக் கேட்க ஆரம்பித்தார். ஏலத்தில்கூட என்னை யாரும் இப்படிக் குடைந்ததில்லை. வீடு சொந்தமா, தினமும் சீவிவிட யார், சீவாவிட்டால் முடி சிக்குப் பிடித்துத் தோல் புண்ணாகும் தெரியுமா, பகலில் குட்டியோடு யார் இருப்பார். வீட்டில் மனைவி டியூஷன் எடுக்கிறாள், எப்போதும் வீட்டில்தான் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

இத்தோடு ஒரு ஃபாரம் வைத்திருக்கிறேன். பகலில் இருப்பவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன். பெரியவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்துத்தானே, போட்டு மொக்கச்சாமியிடம் வெரசாகக் கொடுத்தனுப்பு. நவம்பர் நடுவில் பத்து வாரம் முடிகிறது, பிறந்தநாளுக்குச் சரியாக இருக்கும்.

பிரேம்சிங்


எஸ்டேட் பள்ளிக் குடியிருப்பு
7 ஆகஸ்ட் 2025

அருணா அப்பாவுக்கு,

ஃபாரத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பியனுப்புகிறேன்.

இரண்டு மாதமாகப் பொய் சொல்லாத ஒரு ஆளைத் தேடினீர்கள். கிடைத்ததும் அவரிடமே பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

தேனிக்காரரைக் கிண்டல் செய்து எழுதினீர்களே. அவராவது தாய் ஊருக்குப் போயிருக்கு என்றார். நீங்கள் ஊருக்குப் போன தாயை வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

இனி நான் எழுதவில்லை.

அருணா அம்மா


போடிநாயக்கனூர்
21 செப்டம்பர் 2025

ஷீலாவுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு வாரம். இடையில் நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் நான் நல்லவனாக இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தேவாரம் போனேன். மிளகு ஐந்து குட்டி போட்டிருக்கிறது. சந்திரவல்லி அம்மா அறையின் கதவைத் திறக்கும் முன், அம்மா, நான் சொன்னது பொய் என்றேன். மனைவியும் மகளும் மலையில் இருக்கிறார்கள், பகல் முழுவதும் வீடு பூட்டிக் கிடக்கும் என்றேன். ஜிமிக்கியைப் பற்றியும் சொன்னேன். கதவில் கை வைத்தபடியே கேட்டார்.

"இப்ப சொன்னீங்கள்ல, இது நல்ல பேச்சு. ஆனா குட்டி கிடையாது தம்பி. பூட்டுன வீட்ல அது கத்திக் கத்தியே சீக்காயிரும். ஒங்களுக்குத் தொணைக்கு ஆள் வேணும். அந்தச் சோலிய ஒரு குட்டி தலையில வைக்கக் கூடாது."

கதவைத் திறக்கவில்லை. உள்ளே குட்டிகள் முனகும் சத்தம் மட்டும் கேட்டது. டம்ளரில் மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். பொறுப்பான ஆள் என்று அவரைத் தேடிப் பிடித்ததும் நான்தான், அந்தப் பொறுப்பால் குட்டி இல்லாமல் வந்ததும் நான்தான்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. போன டிசம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சர்ச்சில் இருந்தீர்கள். ஜிமிக்கிக்குக் குளுக்கோஸ் தண்ணீரை ஸ்பூனில் கொடுத்தேன், வெளியே வந்துவிட்டது. என் மடியில்தான் கிடந்தது. பத்தரை மணிக்கு மூச்சு நின்றுவிட்டது. வண்டியில் கடைக்குக் கொண்டுபோய்ப் பின்னால் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது உங்கள் ஆட்டோ சத்தம் கேட்டது. அருணா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள். செத்துப்போச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மதுரை என்று வந்தது. முதல் நாள் சொன்னது அவ்வளவுதான். மற்றப் பத்து நாளும் தெரிந்தேதான் சொன்னேன்.

இதனுடன் அருணாவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. படித்துப் பார்த்துக் கொடு. கொடுக்க வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால், நானே மேலே வந்து நேரில் சொல்கிறேன்.

வீடு காலியாக இருக்கிறது ஷீலா. இதை யாரிடமும் சொல்லவில்லை. கடையில் கேட்பவர்களிடம் லீவுக்குப் போயிருக்கிறார்கள் என்றே சொல்லிவருகிறேன். செப்டம்பரில் என்ன லீவு என்று யாரும் கேட்கவில்லை. அதுவும் ஒரு மாதிரியாக இருக்கிறது.

பிரேம்சிங்


எஸ்டேட் பள்ளிக் குடியிருப்பு
5 அக்டோபர் 2025

அருணா அப்பாவுக்கு,

எழுதவில்லை என்றேன். எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அருணாவிடம் கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். நிதானமாக மடித்தாள். நோட்டிலிருந்து டாக்டர் வீட்டுப் படத்தைக் கிழித்து அந்தக் கடிதத்துக்குள் வைத்தாள். "எனக்குத் தெரியும்மா. ஊஞ்சல்ல நாய் உக்காராது" என்றாள். எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை நமக்காக ஜன்னல் ஜன்னலாக வரைந்துகொண்டிருந்திருக்கிறது.

பிறகு ஒன்று கேட்டாள். "அப்பா அழுதாங்களா?" எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பதில் எழுதுங்கள்.

உங்களுக்குத் தெரியாமல் நான் ஒன்று செய்தேன். குட்டி இங்கே என்னோடு இருக்கலாமா, நான் சாயங்காலம் நாலு மணிக்கு வந்துவிடுவேன் என்று சந்திரவல்லி அம்மாவுக்கு எழுதினேன். பதில் வந்தது. ஏலத்தோட்டத்துக்கு நடுவே வீடு என்றால் மருந்து அடிக்கிற நாட்களில் குட்டி புல்லை நக்கினாலே ஆபத்து, மழைக்கு அட்டைப் பூச்சி, இருட்டினால் சிறுத்தை, வேண்டாம் தாயி என்று எழுதியிருக்கிறார். லயத்தில் போன மாதம் இரண்டு நாய்களைச் சிறுத்தை தூக்கியது உண்மைதான். அதை நான் அவருக்கு எழுதவில்லை. உங்களைக் கேள்வி கேட்கிற நானும் மறைக்கத்தான் செய்கிறேன்.

ஆக, உங்கள் வீடும் தேறவில்லை, என் வீடும் தேறவில்லை.

கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், குட்டிகளைப் பார்க்கட்டும், தருவதாகச் சொல்லவில்லை. 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அருணாவைப் போடி பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிவருகிறேன். தேவாரத்துக்கு நீங்கள் கூட்டிப் போங்கள். நான் வரவில்லை.

அருணா அம்மா


போடிநாயக்கனூர்
27 அக்டோபர் 2025

ஷீலாவுக்கு,

நேற்று பஸ் ஸ்டாண்டில் உன்னிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று காலையிலிருந்து யோசித்து வைத்திருந்தேன். நீ "அஞ்சு மணி பஸ்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சர்ச் பக்கம் நடந்துவிட்டாய். இளைத்திருக்கிறாய்.

அருணாவின் கேள்விக்குப் பதிலைத் தேவாரம் போகும் வழியில் நேரிலேயே சொன்னேன். அன்றைக்கு நான் அழவில்லை. கை கழுவினேன். ஜூலையில் தேனி மாடியிலிருந்து இறங்கி வந்த பிறகு பஸ் ஸ்டாண்டில் அழுதேன். அது ஜிமிக்கிக்காகவா என்று எனக்கே சரியாகத் தெரியாது. "சரிப்பா" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சந்திரவல்லி அம்மா எங்களைச் செருப்பை வெளியே விடச் சொல்லி, சோப்புப் போட்டுக் கை கழுவவைத்துவிட்டு உள்ளே விட்டார். ஐந்து குட்டி. மூன்று கருப்பு, இரண்டு காப்பி நிறம். ஐந்துக்கும் வீடு முடிவாகிவிட்டது. காப்பிக் குட்டி ஒன்று தானாக வந்து அருணாவின் பாவாடையில் ஏறிப் படுத்தது. கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்க் குழாயில் கைக்குட்டையை நனைத்து வந்து, அதன் முதுகில் மெதுவாகத் தேய்த்தாள். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளையாகவே இருந்தது. மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. சந்திரவல்லி அம்மா தாய் நாய்க்குத் தண்ணீர் வைப்பதுபோல் குனிந்துகொண்டார்.

கிளம்பும்போது ஃபாரம் ஒன்று கேட்டேன். குட்டி இல்லையே தம்பி என்றார். பரவாயில்லை என்று அங்கேயே உட்கார்ந்து பேனாவில் நிரப்பினேன். வீட்டில் இருக்கும் பெரியவர்கள்: ஒருவர். பகலில் இருப்பவர்: யாருமில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "இப்பிடி எழுதிக் குடுத்த மொத ஆளு நீங்கதான்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். மிளகு இனி ஈனாது. அவர் வைத்திருக்கும் அதன் மகளுக்குத்தான் அடுத்த ஈற்று, இன்னும் இரண்டு வருஷம் ஆகும் என்றார். "அப்ப எனக்குப் பன்னெண்டு" என்றாள் அருணா.

பஸ் கிளம்பும்போது அவள் கை காட்டினாள். நீயும் பார்த்தாய் என்று நினைக்கிறேன். கைக்குட்டை பையிலேயே இருக்கிறது, துவைக்கப் போடவில்லை.

பிரேம்சிங்


எஸ்டேட் பள்ளிக் குடியிருப்பு
2 நவம்பர் 2025

அருணா அப்பாவுக்கு,

பார்த்தேன். நீங்களும் இளைத்திருக்கிறீர்கள். ஒரு ஆளுக்கு அரிசி அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பழைய சோறே தின்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும்.

கைக்குட்டையை வைத்தது ஏன் என்று அருணாவிடம் கேட்டேன். "அப்பா கடைல அப்பிடித்தான பாப்பாங்க" என்றாள். பிறந்தநாளுக்கு நாய் வேண்டாமாம். நீங்கள் மேலே வந்து ஒரு நாள் முழுவதும் இருக்க வேண்டுமாம். மொக்கச்சாமியிடம் சொல்லிவிட்டேன், காலை ஜீப்பில் முன்சீட் உங்களுக்கு. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே என் வேலை மார்ச் வரைக்கும். அதற்குப் பிறகு என்ன என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்துவிட்டதாக நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். கடையில் கேட்டால் லீவு என்று சொல்லாதீர்கள். மேலே வேலை பார்க்கிறாள் என்று சொல்லுங்கள்.

அடுத்த தடவை தேவாரம் பக்கம் போனால் சந்திரவல்லி அம்மாவிடம் இன்னொரு ஃபாரம் வாங்கி வையுங்கள். பகலில் இருப்பவர் என்ற இடத்தில் நீங்கள் எதுவும் எழுத வேண்டாம்.

ஷீலா